முன்டயரில் ஒரு வீக்கம்

சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் காரின் இடதுபக்க முன்டயரில் ஒரு வீக்கத்தைப் பார்த்ததும் அச்சகத்துக்காரருக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது. டயர் வீங்கினால் மற்றவர்களுக்கு முகம் சுருங்கும். இவருக்கு மலர்ந்தது.

காரணம் இருந்தது. மனிதர் அச்சகத்தில் பிழை திருத்திப் பிழைப்பவர். இருபது வருஷ உத்தியோகத்தில் முதல் தடவையாக ஊழியர் மன்றத்து டேபிள் டென்னிஸ் போட்டியில் இறுதியாட்டம் வரை வந்திருந்தார். அரையிறுதியில் எதிராளிக்குக் கால் சுளுக்கிக்கொண்டதை அவர் யாரிடமும் விரிவாகச் சொல்வதில்லை. இறுதியாட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு.

அதே ஞாயிற்றுக்கிழமை, அதே பத்தரைக்கு, நூறு கிலோமீட்டர் தள்ளி அவருடைய மச்சான் வீடு மாற்றுகிறான். மனைவிக்கு ஒரே தம்பி. புது வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. "நீங்க ஒருத்தர் வந்தா போதும் மாமா" என்று அவன் போன மாதம் போனில் குழைந்தபோது, இவரும் உருகிப்போய் "வர்றேம்ப்பா" என்று சொல்லித் தொலைத்திருந்தார். ஒரு வாரமாக அந்த வார்த்தையைத் திரும்ப விழுங்க வழி தேடிக்கொண்டிருந்தவருக்கு, காரைத் துடைக்கக் குந்தி உட்கார்ந்த இடத்தில் வழி கிடைத்தது.

அரை எலுமிச்சம்பழத்தை ஒட்டவைத்தது போலிருந்தது வீக்கம். டயர் தரையில் உருளும் இடத்தில் இல்லை. பக்கவாட்டில், சுவரைப் பார்த்தபடி. ஆசையோடு தடவிப் பார்த்தார். போனை எடுத்து, டயர் வீங்கினால் என்ன செய்யவேண்டும் என்று தேடினார். படிக்கப் படிக்க உற்சாகம் ஏறியது. உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிட்டதாம். வெறும் ரப்பர்தான் காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறதாம். எந்த நேரத்திலும் வெடிக்கலாமாம். ஒட்டுப்போட முடியாதாம். ஓட்டவே கூடாதாம்.

ஒரே இடத்தில்தான் உதைத்தது. 'ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மெதுவாகக் கடைக்குப் போகவும்' என்று போட்டிருந்தது.

டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னி கொழுகொழுவென்று படுத்திருந்தது. தெருவின் இருபக்கமும் பார்த்தார். வால்வில் ஒரு தீக்குச்சியை வைத்து அழுத்தினார். புஸ்ஸென்று பதினோரு நிமிஷம். பெருவிரல் சிவந்துபோனது. டயர்க் கடையை ஆறு மணிக்குச் சாத்துவார்கள், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆறரை மணிவரை பல்லைக் கடித்துக்கொண்டு பேப்பர் படித்தார். ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை.

ஆறரைக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மனைவி தையற்கடை வைத்திருப்பவள். சாப்பாட்டு மேஜையில் மெஷினை வைத்துத் தம்பியின் புது வீட்டுக்குத் திரைச்சீலை அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கெட்ட செய்தி. டயர் வீங்கிடுச்சு."

மெஷின் நின்றது. "எந்த டயரு?"

"இடதுபக்கம், முன்னாடி. உள்ள நூல் அறுந்திருக்கு. லைனிங் கிழிஞ்ச பை மாதிரின்னு வச்சுக்கயேன். வெளித்துணி எத்தனை நேரம் தாங்கும்?"

"தாங்காது" என்றாள் தொழில் தெரிந்தவள். "மேல ஒரு துண்டு வச்சு ஒட்ட முடியாதா?"

"கூடவே கூடாது. ரோட்டுல வெடிச்சா ஸ்டீயரிங் ஒரு பக்கமா இழுத்துட்டுப் போயிடும்."

"கொஞ்சம் காத்தைக் குறைச்சா?"

"இன்னும் மோசம். டயர் மடங்கி மடங்கிச் சூடாகும்."

"ஸ்டெப்னி?"

"அதுல காத்தே இல்லம்மா" என்றார், பெருவிரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

அவள் திரைச்சீலையில் தொங்கிய நூலை அறுத்தாள். "எப்படிங்க வந்துச்சு? தானாவா வீங்கும்?"

இந்தக் கேள்விக்கு அவர் தயாராக வரவில்லை. தெரியாது என்று சொன்னால், "ரொம்ப நாளா இருக்கும்போல, நாளைக்கு ஒருநாள் ஓடாதா?" என்று கேட்டுவிடுவாள். வீக்கம் புதுசாக இருக்கவேண்டும். சூடாக இருக்கவேண்டும். துணிந்துவிட்டார்.

"என் தப்புதான். புதன்கிழமை சாயங்காலம் அச்சகத்து வாசல்ல நடைபாதை ஓரக்கல்லுல கார ஏத்திட்டேன்."

"நீங்களா?"

"நானேதான்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"மடார்னு ஒரு சத்தம். பல்லு ஆடிப்போச்சு. காவல்காரர்கூட ஓடிவந்தார்."

அவள் கண்ணில் லேசாக நீர் கோத்தது. உயிர்ப் பயம் என்று எடுத்துக்கொண்டார். "போகுது விடுங்க" என்று தோளைத் தொட்டாள். "யாருக்கும் நடக்கறதுதான். இத நான் குத்திக்காட்டவே மாட்டேன்." அதோடு விடாமல் தம்பிக்குப் போன் போட்டு, "மாமா பேசறாங்க, என்ன நடந்துச்சுன்னு அவங்க வாயாலயே கேளு" என்று நீட்டினாள். அச்சகத்துக்காரர் காரை ஓரக்கல்லில் இன்னொரு தடவை ஏற்றி இறக்கினார். இந்த முறை காவல்காரரோடு ஒரு பால்காரரும் ஓடிவந்தார்.

அன்று அவர் மட்டையைத் துடைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

காலை ஏழு மணிக்கு வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. டயர்க் கடைக்காரர். பின்னால் பளபளவென்று ஒரு புது டயர்.

"ஞாயித்துக்கிழமை லீவாச்சே உங்களுக்கு" என்றார் அச்சகத்துக்காரர்.

"கடைக்குத்தாங்க லீவு. அக்கா கூப்பிட்டா வராம இருக்க முடியுமா? என் பொண்ணுக்கு அவங்கதான் யூனிஃபார்ம் தைக்கிறாங்க."

"நம்ம டயர் அளவு எப்படித் தெரியும்?"

"அக்காதான் அன்னைக்கே..." என்று அவர் தொடங்குவதற்குள் மனைவி காப்பித் தம்ளரை அவர் கையில் திணித்தாள். "அளவு டயர்லயே எழுதியிருக்குமேங்க. அச்சடிச்ச எழுத்துதானே, நீங்க பாக்கலியா?"

கடைக்காரர் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். ரிம் வளைந்திருக்கிறதா என்று சுற்றிவிட்டுப் பார்த்தார். மற்ற மூன்று டயரையும் உள்பக்கம் வெளிப்பக்கம் கைவைத்துத் தடவினார். "ஒரு இடி வாங்கினா எல்லாத்தையும் பாத்துடணும். நல்லவேளை, இதோட ஓட்டாம நிறுத்தி வச்சீங்க." பிறகு ஸ்டெப்னிக்குக் காற்றடித்து, தண்ணீர் தெளித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "எங்கயும் ஓட்டை இல்லையே. யாரோ வேணும்னே காத்தைப் பிடுங்கிவிட்ட மாதிரி இருக்கு."

"யார்தான் அந்த மாதிரி பண்ணுவாங்க?" என்றாள் மனைவி, கணவரின் சிவந்த பெருவிரலைப் பார்த்துக்கொண்டே.

ஏழே முக்காலுக்குக் கார் தயார். அச்சகத்துக்காரர் ஓட்டுநர் பக்கம் போனார். அங்கே ஏற்கெனவே அவள் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு டயர்டா இருக்கு" என்று கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"டயருக்கு அடிபட்டா உங்களுக்கும் வலிக்கும்தான். அந்தப் பக்கம் உக்காருங்க. இனிமே நான் ஓட்டறேன். நீங்க அச்சகத்துக்குப் பஸ்ல போய்ட்டு வாங்க, மனசுக்கு நிம்மதி."

வழியிலிருந்தே மன்றத்துச் செயலாளருக்குப் போன் செய்து, வர முடியாது என்றார். எதிராளி மட்டையைக் கையால் தொடாமலே கோப்பை அவருடைய பைண்டிங் பிரிவுக்குப் போனது.

பத்தரை மணிக்கு அவர் மச்சானோடு இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில், ஒரு துணி துவைக்கும் மெஷினின் கீழ்ப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார். மனைவி மேலே திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் மூச்சு வாங்க நின்றான்.

"உங்கள மாதிரி ஒரு மனுஷனப் பாக்க முடியாது மாமா" என்றான்.

"பரவாயில்லப்பா. மெஷின்தானே."

"மெஷினச் சொல்லல. அக்கா வியாழக்கிழமை துணி வாங்கப் போன இடத்துல ஓரக்கல்லுல ஏத்திட்டு, அழுதுக்கிட்டே எனக்குப் போன் பண்ணினாங்க. அன்னைக்கே புது டயருக்குச் சொல்லி வச்சுட்டாங்க. உங்ககிட்ட மட்டும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல, வெள்ளிக்கிழமை ஏதோ சாக்குச் சொல்லி, கார எடுக்க விடாம உங்கள நடந்து போக வச்சுட்டேன்னு மறுபடியும் போன்ல சொன்னாங்க. நீங்க என்னடான்னா ஒரு வார்த்தை கேக்காம பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டீங்க. காவல்காரர், பால்காரர்னு எவ்வளவு அழகா ஜோடிச்சீங்க!"

அச்சகத்துக்காரர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் பின்னாலேயே ஸ்டெப்னி வரும், தீக்குச்சி வரும், இறுதியாட்டம் வரும். வாயை மூடிக்கொண்டார்.

"மாமா" என்றான் மச்சான் அன்போடு, "உங்க பக்கம் கொஞ்சம் தூக்குங்க."