ஏழாவது வரிசை

என்னைக் கோபக்காரன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நான் நியாயஸ்தன். அநியாயத்தைக் கண்டால் குரல் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். காலையில் கண் விழித்ததிலிருந்து என் கண்ணில் படுவதெல்லாம் அநியாயமாகவே இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அநியாயம் என் மகளின் பள்ளி டைரியில் உட்கார்ந்திருந்தது. நான் வேலையிலிருந்து வந்து காலில் ஒட்டிய சிமெண்டைக்கூடக் கழுவவில்லை. மனைவி டைரியை விரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். சிவப்பு மையில் இரண்டே வரி.

'உங்கள் மகளுக்கு எட்டாம் வாய்ப்பாடு வரவில்லை. தந்தையின் அக்கறையின்மையே காரணம்.'

"யாருக்கு அக்கறை இல்லை? எனக்கா?"

"எனக்கென்ன தெரியும்? டீச்சர் எழுதியிருக்காங்க."

"டீச்சருக்கு என்ன தெரியும்? நான் யாரு?"

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். அறை வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்தால் போதும், எத்தனை டைல்ஸ் வேண்டும், எத்தனை உடையும், இரண்டையும் சொல்லிவிடுவேன். பெருக்கல்தான் எனக்குச் சோறு போடுகிறது. அப்படிப்பட்டவனின் மகளுக்கு எட்டாம் வாய்ப்பாடு வரவில்லையாம்!

"நானே சொல்லிக் குடுக்கறேன். ஒரே சாயங்காலம். திங்கட்கிழமை அந்த டீச்சர் வாயைப் பிளக்கணும்."

"கத்தக் கூடாது."

"நான் எப்போ கத்தினேன்?" என்று கத்தினேன்.

"நீங்க கத்திக்கிட்டே இருந்தா அவ எப்படிக் கத்துக்குவா?"

"வாய்ப்பாடுன்னா என்ன? வாய் இருந்தாப் பாடு, அவ்வளவுதான்."

"அவ வாய் நல்லாப் பாடும். நீங்க படுத்தற பாட்டைத்தான் தாங்க முடியாது."

இதற்குப் பதில் யோசிப்பதற்குள் அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். எப்போதும் இப்படித்தான். பதில் எனக்கு வருவது மறுநாள் பஸ்ஸில்.

மகளைச் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார வைத்தேன். எட்டு வயசு. இரண்டு ஜடை. மேஜைக்கு மேலே மூக்கு வரைக்கும்தான் தெரிந்தாள்.

"ஓரெட்டு?"

"எட்டு."

"ஈரெட்டு?"

"பதினாறு."

"பார்த்தியா, எவ்வளவு சுலபம்! ஏழெட்டு?"

வரிசையாகக் கேட்டிருக்கலாம். ஆனால் வாடிக்கையாளன் என்னிடம் வரிசையாகவா கேட்கிறான்? அவள் என் முகத்தைப் பார்த்தாள். சமையலறை வாசலைப் பார்த்தாள். மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து எல்லாம் வடிந்து போயிற்று.

"ஏழெட்டு எவ்வளவு?"

"ஏழோ... எட்டோ..."

"என்னது?"

"ஏழெட்டுப் பேர் வந்தாங்கன்னா... ஏழு பேரு... இல்லேன்னா எட்டுப் பேருதானேப்பா..."

கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். டீ டம்ளர் குதித்துக் கவிழ்ந்தது.

"ஏழெட்டு எவ்வளவூ?"

பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரர் இருக்கிறார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். தையல் மெஷின் சத்தம் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஐம்பத்தாறுங்க! அந்தப் புள்ளையை விட்டுருங்க!"

"உங்களை யார் கேட்டது?"

"மூணு தரம் கேட்டீங்களே!"

நான் சுவரைப் பார்த்துச் சண்டை போட்டு முடித்துத் திரும்பினால் எதிரே நாற்காலி காலி. குளியலறைத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

போய்க் கதவைத் தட்டினேன். "வெளியே வா."

"மாட்டேன்."

"வாய்ப்பாடு?"

உள்ளே வாளி நகர்கிற சத்தம். பிறகு மெல்லிய குரல். "நீங்க அங்கேயே இருங்க. நான் இங்கேர்ந்து சொல்றேன்."

மானம் போயிற்று. நாளைக்கு ஊரில் ஒருத்தன் கேட்டால் என்ன சொல்வேன்? குளியலறை வாசலில் உட்கார்ந்து பாடம் நடத்தினேன் என்றா? ஆனாலும் ஒரே சாயங்காலம் என்று வாய் விட்டாயிற்றே. ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வேட்டி நனைந்தது. கோபத்தில் காய்ந்துவிடும்.

"மூவெட்டு?"

"இருபத்துநாலு."

"ஐயெட்டு?"

"நாப்பது."

"ஆறெட்டு?"

"நாப்பத்தெட்டு."

தண்ணீர் மாதிரி வந்தது! மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"அவளுக்குக் கணக்கெல்லாம் தெரியுது. உங்க மூஞ்சிதான் தெரியக் கூடாது."

"சும்மா இரு. ஏழெட்டு?"

உள்ளே விரலால் சுவரைத் தட்டி எண்ணுகிற சத்தம்.

"ஏழெட்டு?"

"இல்லைப்பா."

"என்ன இல்லை?"

"ஏழாவது வரிசை இல்லை. ஒரு வரிசைக்கு எட்டு டைல்ஸ். நான் சுவத்தைப் பார்த்துத்தான் எண்றேன். ஆறு வரிசைதான் இருக்கு. அதுக்கு மேலே வெறும் சிமெண்டு."

எனக்கு மண்டையில் ஏறியது. அந்தச் சுவரை நான் ஆரம்பித்து மூன்று வருஷம். ஆறு வரிசை ஒட்டினபோது ஒரு பெரிய ஓட்டல் வேலை வந்தது, போனேன். வந்து முடிக்கலாம் என்றுதான் போனேன். அப்புறம் ஒரு ஆஸ்பத்திரி. அப்புறம் ஒரு கல்யாண மண்டபம். மிச்ச டைல்ஸ் கட்டிலுக்கு அடியில் பெட்டியோடு கிடக்கிறது. மனைவி சொல்லாத நாளில்லை. சொல்லச் சொல்ல எனக்கு வெறுப்புதான் வந்தது. வெளியே நாள் பூராவும் சுவரைப் பார்க்கிறவன் வீட்டுக்கு வந்தும் சுவரையா பார்ப்பான்?

"ஒரு சுவர் இல்லேன்னா வாய்ப்பாடு வராதா? நான் படிக்கும்போது எங்க வீட்டுல சுவரே கிடையாது!"

"அதான் டீச்சர் எழுதிட்டாங்களே, அப்பாவோட அக்கறையின்மைன்னு" என்றாள் மனைவி. "விடுங்க. உங்களால முடியலை. தையல்காரரையே சொல்லிக் குடுக்கச் சொல்றேன்."

தையல்காரரா? என் மகளுக்கா? சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் சிரிக்கிற மாதிரியே ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டிகளை இழுத்தேன். எவ்வளவு கோபமென்றால் டீகூடக் குடிக்கவில்லை. பசையைக் கரைத்தேன். மட்டம் பார்த்தேன். ஏழாவது வரிசையை ஒட்டினேன். ஒவ்வொரு டைலையும் ரப்பர் சுத்தியலால் தட்டும்போது அந்த டீச்சரை நினைத்துக்கொண்டேன். எட்டாவது வரிசைக்குத் தையல்காரர். ஒன்பதாவது வரிசைக்கு மனைவி. பத்தாவது வரிசையில் கூரையை முட்டியபோது திட்டுவதற்கு ஆள் இல்லை. ஓட்டல்காரனைத் திட்டினேன். மகள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் இடைவெளியெல்லாம் பூசித் துடைத்து நிமிர்ந்தேன். இடுப்பு நிமிரவில்லை. சுவர் மட்டும் கண்ணாடி மாதிரி நின்றது.

"சொல்லு!"

ஓரெட்டிலிருந்து பத்தெட்டு எண்பது வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னாள். போகிற போக்கில் ஒன்பதாம் வாய்ப்பாட்டையும் சொன்னாள். நான் கேட்கவே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை அரை நாள் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டைரியை டீச்சர் மேஜையில் விரித்துப் போட்டேன்.

"இப்போ கேளுங்க என் பொண்ணை! யாருக்கு அக்கறை இல்லைன்னு பார்ப்போம்!"

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முகம் சிவந்தது. அவரும் என் ஜாதி என்று பார்த்தவுடனே தெரிந்தது. கோபக்கார ஜாதி.

"இதை நான் எழுதலை. அக்கறையின்மைன்னெல்லாம் பெத்தவங்களை எழுதுவேனா? யாரைப் பார்த்து என்ன கேக்கறீங்க? உங்க பொண்ணுதான் என் வகுப்புல மத்தவங்களுக்கே வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கறா. பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரைக்கும் தலைகீழாச் சொல்லுவா. பொண்ணுக்கு என்ன தெரியும்னுகூடத் தெரியாத அப்பாவா நீங்க?"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. நான் டைரியைத் திரும்ப வாங்கி அந்த இரண்டு வரியைப் பார்த்தேன். 'க'வுக்கு இப்படிக் கொக்கி போடுகிற கை உலகத்தில் ஒன்றுதான் உண்டு. மளிகைச் சீட்டில் தினமும் பார்க்கிற கை.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். சாயங்காலம் மகள் பள்ளி விட்டு வரும் வரைக்கும் காத்திருந்தேன். தாயும் மகளும் சேர்ந்துதானே செய்தார்கள்? சேர்ந்தே வாங்கட்டும். அவள் பையை இறக்கி வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஒரு கால் குளியலறைப் பக்கம் திரும்பியது.

அந்தக் காலைப் பார்த்தேன். அடுக்கி வைத்த வார்த்தைகள் எல்லாம் சரிந்து விழுந்தன.

"உக்காரு" என்றேன். என் காதுக்கே கேட்காத குரல். "எல்லாம் தெரிஞ்சிருந்தும் அன்னைக்கு ஏன் முழிச்சே? அதுவும் அம்மா சொல்லிக் குடுத்ததா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். "சுவர் பத்தித்தான் அம்மா சொல்லச் சொன்னாங்க. உங்க முகத்தைப் பார்த்ததும் அது மறந்து போச்சு. ஏழெட்டும் மறந்து போச்சு. நெஜமாவே மறந்து போச்சுப்பா. உள்ளே போய்க் கதவைச் சாத்தினதும்தான் எல்லாம் ஞாபகம் வந்துச்சு."

நான் என் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் இன்னும் பசை இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தேடினேன். அறையில் ஒருத்தன்தான் அகப்பட்டான்.

மனைவி டீயோடு வந்தாள். கொஞ்சம்கூடப் பயமில்லை.

"மூணு வருஷமா மெதுவாச் சொன்னேன். காதுலேயே விழலை. உங்களுக்குக் கோபம் வந்தாத்தான் கை ஓடும்னு புரிஞ்சுது. எழுதினேன். ஆனா புள்ளை இப்படிப் பயப்படுவான்னு நெனைக்கலை. அது என் தப்புதான்."

"இல்லை, என் தப்பு." இந்த வீட்டில் நான் முதல் தடவையாகச் சொன்ன வாக்கியம் அது. மகளின் ஜடையைப் பிடித்து மெதுவாக ஆட்டினேன். அவள் விலகவில்லை. "இனிமே இந்த வீட்டுல நான் கோபமே பட மாட்டேன். இது சத்தியம்."

மனைவி திடுக்கிட்டுப் போய் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஐயய்யோ, அவசரப்படாதீங்க! இன்னும் சமையலறைத் தரை பாக்கி இருக்கு!"