பச்சோந்தியும் முகமூடிக் கம்பெனிப் பல்லியும்

பூண்டு உரிக்கிற கைக்கு வேலை இருக்கிறது, வாய்க்கு இல்லை. அதனால் ஒரு கதை.

ஒரு காட்டில் மரிக்கொழுந்து என்று ஒரு பச்சோந்தி இருந்தாள். ரொம்பக் கூச்சம். எதிரே யாராவது வந்தால் இலைக்குப் பின்னால் போய் இலையாகிவிடுவாள். புருஷன் வேறு கிளையில் வேறு நிறத்தில் இருந்தான், அவன் பேச்சு இப்போது வேண்டாம். குஞ்சுகள் மட்டும் அவளோடு இருந்தன.

அந்தக் காட்டை ஓர் ஓடை இரண்டாகப் பிரித்தது. இந்தக் கரையில் கீரி, முயல், அணில், பச்சோந்தி என்று சில்லறை உருப்படிகள். அந்தக் கரையில் காட்டுப்பன்றிகள். கோடை வந்தால் ஓடை வற்றி நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சும். பன்றிகள் இறங்கிப் புரண்டுவிட்டால் அது குட்டை இல்லை, குழம்பு. அதனால் வருடா வருடம் இரண்டு கரைக்கும் ஹாக்கி மேட்ச் வைப்பார்கள். ஜெயித்த கரைக்குக் கோடை முழுக்க முதல் தண்ணீர். பனித்துளி நக்குகிற பச்சோந்திக்குக் குட்டை எதற்கு என்று யாரும் கேட்கக்கூடாது. அந்த வருடம் பனியும் இல்லை.

மரிக்கொழுந்துதான் இந்தக் கரையின் கோல்கீப்பர். நடக்கச் சொன்னால் ஒரு காலைத் தூக்கி வைப்பதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆனால் மேல்கம்பத்தில் வாலைச் சுற்றிக்கொண்டு தொங்கினாளென்றால் ஒரு கண் பந்தைப் பார்க்கும், இன்னொரு கண் அடிக்க வருகிறவனைப் பார்க்கும். விளாங்காய்தான் பந்து. அது கிளம்பியதும் நாக்கும் கிளம்பும். சளப்! கோல்கீப்பர் உடம்பில் எதை வைத்தும் தடுக்கலாம் என்பது விதி. நாக்கும் உடம்புதானே.

ஒரே ஒரு சங்கடம். அவள் மனசில் ஓடுவது முகத்தில் வந்துவிடும். இடப்பக்கம் பாய நினைத்தால் முகம் மஞ்சள், வலப்பக்கம் என்றால் பழுப்பு. போன வருடம் பன்றிகளின் கேப்டன் கொம்பையா அதைக் கண்டுபிடித்துவிட்டான். "மூஞ்சி மஞ்சள்டா! அந்தாண்ட அடிங்கடா!" என்று கத்தினான். அந்தாண்ட அடித்தார்கள். போன கோடை முழுக்க மரிக்கொழுந்தின் குஞ்சுகள் சேறு குடித்தன.

இந்த வருடம் மேட்ச் நெருங்கும்போது இந்தக் கரைக் கேப்டனான கீரி வந்து நின்றது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க மூஞ்சியை மூடணும்."

"சாக்கு மாட்டிக்கட்டுமா?"

"சாக்குல கண்ணு தெரியாதுக்கா. கம்பெனி முகமூடியே வாங்கிடுவோம். இந்தத் தடவையும் தோத்தா உங்களை எடுத்துட்டு ஓணானை நிறுத்தச் சொல்றாங்க."

"ஓணானையா?" என்றாள் மரிக்கொழுந்து. வால் நுனி கறுத்துவிட்டது.

மலைக்கு அந்தப்பக்கம் ஒரு கம்பெனி இருந்தது. ஹாக்கி கோல்கீப்பர்களுக்கு அவரவர் முகத்துக்கு அளவெடுத்து முகமூடி செய்து தரும். அதன் வாடிக்கையாளர் சேவை மையம் இந்தக் காட்டில் ஓர் இலுப்பை மரத்தில் இருந்தது. அங்கே ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது. பல்லியை ஏன் வேலைக்கு வைத்தார்கள் என்றால், எதைச் சொன்னாலும் "இச் இச்" என்று வருத்தப்படுவதில் அதை மிஞ்ச ஆள் இல்லை.

"வணக்கம், நான் ரோஷிணி பேசறேன், உங்களுக்கு எப்படி உதவட்டும்?" என்றது பல்லி. நேருக்கு நேர் நின்றாலும் பேசறேன் என்றுதான் சொல்லும்.

"முகமூடி வேணும். ரெண்டு கண்ணும் ரெண்டு பக்கம் சுத்தணும். முக்கியமா வாய்ல ஒரு ஓட்டை வேணும். நாக்கு வெளிய வரணும்."

"எழுதிக்கிட்டேன் அக்கா."

"எழுதலையே?"

"மனசுல."

தலையைச் சுற்றி நூல் பிடித்து அளவெடுத்தது. பிறகு அடையாளத்துக்கு ஒரு படம் எடுத்தது. தன் முகத்துக்கென்று ஒரு பொருள் செய்கிறார்களே என்ற சந்தோஷத்தில் மரிக்கொழுந்து அப்போது கொழுந்துப் பச்சையாக இருந்தாள்.

முகமூடி வந்தது. பார்க்க அழகுதான். கண்ணுக்குக் குமிழ் வைத்திருந்தார்கள், நெற்றியில் தீ எரிகிற மாதிரி சாயம் பூசியிருந்தார்கள். வாயில்தான் ஓட்டை இல்லை. மாட்டிக்கொண்டு ஒரு விளாங்காயைத் தடுக்கப் பார்த்தாள். கிளம்பின நாக்கு உள்ளேயே முட்டித் திரும்பி வந்து அவள் மூக்கில் அறைந்தது.

"அம்மா, இன்னொரு தடவை!" என்று குஞ்சுகள் கைதட்டின.

மரிக்கொழுந்து முகமூடியை முதுகில் கட்டிக்கொண்டு இலுப்பை மரத்துக்குப் போனாள். அவள் நடைக்குப் போய்ச் சேர்வதே பெரிய பாடு. பல்லி முழுக்கக் கேட்டது.

"இச் இச் இச்! கேக்கவே கஷ்டமா இருக்கு அக்கா. உடனே மாத்திடலாம். ஆர்டர் கொடுத்தது நீங்கதானான்னு மட்டும் ஒரு வாட்டி பார்த்துக்கறேன்." படத்தை எடுத்தது. படத்தைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. "ஆள் ஒத்துப்போகலையே."

"ஏன்?"

"படத்துல இருக்கிறவங்க பச்சை. நீங்க சிவப்பு."

"அது நான்தான்மா. கோவத்துல சிவந்திருக்கேன்."

"அப்ப கோவம் போனதும் வாங்க."

"கோவம் போயிட்டா நான் எதுக்கு இங்க வரணும்?"

"இச் இச்," என்றது பல்லி.

வீட்டுக்கு வந்து வெட்டுக்கிளியைத் தின்று, ஒரு தூக்கம் போட்டு, பச்சையாகி, மறுபடி போனாள். அதே பல்லி. "வணக்கம், நான் டெய்சி பேசறேன்" என்றது. அந்த ஒரு வார்த்தைக்கே வாலிலிருந்து சிவப்பு ஏற ஆரம்பித்தது.

பல்லி படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. "இப்போதைக்குக் கழுத்துக்கு மேல நீங்கதான். கழுத்துக்குக் கீழ வேற ஆள்."

"உனக்கு மேல இருக்கிற அதிகாரியைக் கூப்பிடு!"

மரிக்கொழுந்து பிறந்ததிலிருந்து யாரிடமும் இப்படிக் குரலை உயர்த்தியதில்லை. பல்லி வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு மரப்பட்டைக்குள் ஓடிவிட்டது. வால் மட்டும் துடித்துக்கொண்டு கிடந்தது. பொந்துக்குள்ளிருந்து குரல் வந்தது: "அதைப் பத்திரமா வச்சுக்கங்க அக்கா. அதுதான் புகார் ரசீது."

மேட்சுக்கு நாள் நெருங்கிவிட்டது. ஓணான் தினமும் வந்து கோல் கம்பத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. மரிக்கொழுந்து குஞ்சுகளைக் கூப்பிட்டு வரிசையாக உட்கார வைத்தாள்.

"என்னைத் திட்டுங்க."

குஞ்சுகளுக்குக் காது குளிர்ந்துபோயிற்று. "அம்மா வச்ச வெட்டுக்கிளிக்கு உப்பு இல்ல" என்றது ஒன்று. முகம் லேசாகச் சிவந்தது. "இன்னும்" என்றாள். "அம்மா நடக்கறதுக்குள்ள சாயந்திரம் ஆயிடும்" என்றது இன்னொன்று. கன்னத்தில் மட்டும் சிவப்பு. "இன்னும்." கடைக்குட்டி நன்றாக யோசித்துச் சொன்னது: "எனக்கு ஓணான் அத்தையைத்தான் புடிக்கும்."

உள்ளே குக்கர் மாதிரி விசில் அடித்தது. வெளியே ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. கொழுந்துப் பச்சை.

அப்படியே கிளம்பி இலுப்பை மரத்துக்குப் போனாள். முளைத்தும் முளைக்காத வாலோடு பல்லி உட்கார்ந்திருந்தது. படத்தைப் பார்த்தது, அவளைப் பார்த்தது.

"அட, அச்சு அசல் நீங்கதான் அக்கா! சொல்லுங்க."

"முகமூடியில வாய் இல்லம்மா."

"சரிக்கா." எதையோ தட்டியது. "முடிச்சாச்சு."

"மாத்தித் தர்றீங்களா?"

"இல்லக்கா. முகத்தைப் பார்த்தா குறை இருக்கிற மாதிரியே தெரியலையே. 'வாடிக்கையாளர் மனநிறைவு அடைந்தார்'னு போட்டு மூடிட்டேன்."

"எனக்கு மனநிறைவு இல்ல" என்றாள் மரிக்கொழுந்து, பச்சையாக.

"தங்கமான மனசுக்கா உங்களுக்கு" என்றது பல்லி.

மறுநாள் மேட்ச். மரிக்கொழுந்து முகமூடியைக் குஞ்சுகளுக்குத் தொட்டிலாகக் கட்டிவிட்டு வெறும் முகத்தோடு வந்து கம்பத்தில் தொங்கினாள். கீரி தலையில் கை வைத்துக்கொண்டது.

"என்னக்கா, மூஞ்சியைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கீங்க!"

அந்தப்பக்கம் கொம்பையா மட்டையைச் சுழற்றினான். "டேய், மூஞ்சி என்ன நிறம்?"

"பச்சைண்ணே."

"இப்ப?"

"பச்சைதாண்ணே."

"பச்சைன்னா எந்தப் பக்கம்டா?"

யாருக்கும் தெரியவில்லை. பன்றிகள் அடித்தன, அடித்தன, அடித்ததெல்லாம் சளப். கடைசியில் அணில் எப்படியோ ஒரு கோல் போட்டுவிட்டது. இந்தக் கரை ஜெயித்தது.

இந்த இடத்தில் நிறுத்தி, பொறுமை வெல்லும் என்று சொல்லிப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிடலாம். ஆனால் மறுநாள் காலை விடிந்து தொலைத்ததே.

குட்டையில் வரிசை நின்றது. மரிக்கொழுந்து குஞ்சுகளோடு முன்னால்தான் நின்றாள்.

"கேப்டன் முதல்ல குடிக்கட்டுமே, அக்கா ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்று கீரி முன்னால் போனது. "கோல் போட்டவன் நான்" என்று அணில் போனது. முயலுக்குக் கர்ப்பம். கடைசியில் ஓணான் வந்து, "நான் மாற்று கோல்கீப்பர்" என்று சொல்லி நுழைந்தது. ஒவ்வொருவரும் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார்கள். பச்சைப் பசேல். தைரியமாகப் போனார்கள்.

எதிர்க்கரையில் பன்றிகள் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றன. கொம்பையா ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டான்.

"அம்மா, பன்னி எறங்குது" என்றது கடைக்குட்டி. அதன் நாக்கு ஒட்டிப்போயிருந்தது.

மரிக்கொழுந்து கீரியிடம் மெதுவாகச் சொன்னாள். "எனக்குக் கோவம் வருது."

கீரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. "அக்காவுக்குக் குசும்பைப் பாருங்கப்பா!"

சிவக்கப் பார்த்தாள். மூச்சைப் பிடித்து, ஓணானை நினைத்து, புருஷனைக்கூட நினைத்துப் பார்த்தாள். வரவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பல்லி ஓடி வந்தது. "வணக்கம், நான் நிவேதா பேசறேன். வாழ்த்துகள் அக்கா! எங்க முகமூடி போட்டுத்தான் ஜெயிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நான் போடவே இல்லையே."

"அதைத்தான் அக்கா ஊரே பேசுது. போட்டதே தெரியல, அவ்வளவு அசல். எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீங்க?"

மரிக்கொழுந்து பச்சையாகவே புன்னகை செய்தாள். ஒரு கண் பல்லியைப் பார்த்தது. இன்னொரு கண் வரிசையைப் பார்த்தது.

சளப்.

புழுதியில் வால் மட்டும் துடித்துக்கொண்டு கிடந்தது.

கீரி வாயில் இருந்த தண்ணீரை விழுங்க மறந்து நின்றது.

"அக்கா... கோவமா?"

"இல்லையே" என்றாள் மரிக்கொழுந்து. ஒரு துளி நிறம் மாறவில்லை.

உண்மையாகவே இல்லையா, இருந்தும் இல்லை என்கிறாளா? அந்த முகத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? ஓணான் முதலில் பின்னால் போனது. அப்புறம் அணில். வரிசை தானாக இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. எதிர்க்கரையில் கொம்பையா தண்ணீரில் வைத்த காலைச் சத்தமில்லாமல் வெளியே எடுத்தான். குஞ்சுகள் தெளிந்த தண்ணீரில் மூக்கை வைத்துக் குடித்தன.

நீதி: குறையை எப்போதும் மலர்ந்த முகத்தோடு சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன், கேட்கிறவர் நாக்குக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். போனிலேயே பேசிப் போனிலேயே வைத்துவிடுகிற கம்பெனி என்றால், அதற்கும் ஒரு வழி இருக்கிறது, என்னவென்றால், முதலில் நாம் அவர்களை... வரேன்டா, வரேன், கத்தாதே, உட்கார்ந்தே இரு, அம்மா வந்து கழுவி...