ராஜாவின் பிடரியும் ஓணானின் பாட்காஸ்டும்

ஒரு காட்டில், எல்லாக் காடுகளையும் போல, ஒரு சிங்க ராஜாவும் ஒரு நரியும் ஒரு குளமும் இருந்தன. குளத்தைச் சுற்றி மட்டும் மூன்று மாதமாக முள்வேலி போட்டிருந்தார்கள். வேலியில் 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' என்று பலகை தொங்கியது. பணி செய்ய ஓர் எறும்புகூட அந்தப் பக்கம் வந்ததில்லை.

இதில் அதிகம் நொந்துபோனவள் பவுனம்மா என்ற தவளை. அவளுடைய இருநூற்று நாற்பது தலைப்பிரட்டைப் பிள்ளைகளும் ஒரு கொட்டாங்குச்சியில் குடியிருந்தார்கள். தினமும் ஆறு வரை தாவிப் போய் வாயில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவாள். உச்சிவெயிலுக்குள் பாதி வற்றிவிடும். குளத்தைத் திறக்கச் சொல்லி மனு கொடுத்தாள். மனு கொடுத்ததற்கு அத்தாட்சி கேட்டு இன்னொரு மனு கொடுக்கச் சொன்னார்கள். வரிசையில் நின்றாள். முன்னால் யானை நின்றதால் கவுண்டர் திறந்திருக்கிறதா இல்லையா என்பதே சாயங்காலம்தான் தெரிந்தது. இல்லை.

"மனுவ யாரும் படிக்கிறதில்லண்ணே. ஆனா எல்லாப் பயலும் காதுல எதையோ மாட்டிக்கிட்டுத்தான் அலையிறான்" என்று அவள் பக்கத்து வேலி ஓணானிடம் சொன்னாள். "நாம ஒரு பாட்காஸ்ட் ஆரம்பிப்போம். நீ பேட்டி எடு. ராஜாவைக் கூப்பிட்டு, குளம் எப்போ திறக்கும்னு ஊரே கேக்குற மாதிரி ஒரு கேள்வி கேளு. அது போதும்."

ஓணானின் பெயர் வேலியப்பன். அவர் தலையை ஆட்டினார். ஓணானுக்குத் தலை ஆடுவது சம்மதம் அல்ல, பிறவிக் குணம். இது பவுனம்மாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

ஒலிப்பதிவுக்குத் தொங்கராசு என்ற வௌவால் வந்து சேர்ந்தார். அவரைப் போலக் காது காட்டிலேயே கிடையாது. ஒலி சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். என்ன பேசுகிறார்கள் என்பது தன் துறை இல்லை என்பார். ஒரு காலிக் கறையான் புற்றை ஸ்டுடியோ ஆக்கினார்கள். உள்ளே தொங்க வசதி இல்லாததால் தொங்கராசு பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தார்.

முதல் விருந்தினர் ஆமை. "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டதற்கு இரண்டு மணி நேரத்தில் "நான்" என்றார். அடுத்து வந்த கிளி, கேட்ட கேள்வியையே அழகாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போனது. மூன்றாவதாக மயில் வந்து பேசாமல் ஆடியது. அந்தப் பகுதியில் காலடிச் சத்தம் மிகத் துல்லியம்.

நேயர்கள் மொத்தம் பத்துப் பேர். அதில் ஒன்பது பேர் வேலியப்பனின் மைத்துனர்கள். பத்தாவது நேயர் ஒரு காட்டுப்பன்றி. "பேட்டி எடுப்பவர் எப்போது வருவார்?" என்று எழுதிக் கேட்டிருந்தார். வேலியப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விருந்தினர் பேசும்போதெல்லாம் அவர் விடாமல் தலையாட்டிக்கொண்டுதானே இருந்தார். ஒலிப்பதிவில் தலையாட்டல் கேட்காது என்பதைப் பவுனம்மா எடுத்துச் சொன்னாள். அதற்கும் தலையாட்டினார்.

ஆனாலும் பவுனம்மா விடவில்லை. ராஜாவுக்கு அழைப்பு அனுப்பினாள். அரண்மனைக் குகையிலிருந்து நரி வந்தார். அவர் ராஜாவின் மக்கள் தொடர்பு அதிகாரி. கேள்விகளை மூன்று பிரதியில் எழுதித் தரச் சொன்னார். ஒன்பதாவது கேள்வி குளம். அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'தங்கள் பிடரி இவ்வளவு பொலிவாக இருப்பதன் ரகசியம் என்ன?' என்று மாற்றி எழுதினார்.

"சரிதானே?" என்றார் நரி.

வேலியப்பன் தலை ஆடியது.

"நீ அங்க போயி வாயால கேளுண்ணே" என்றாள் பவுனம்மா, நரி போன பிறகு. "புள்ளைங்க இப்பல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர் படுத்துத்தான் நீந்துதுங்க. இன்னும் பத்து நாள் தாங்காது."

குகைக்குப் போனார்கள். தொங்கராசு மேலே பார்த்தார். என்ன ஒரு கூரை. மூன்று பகுதிகளாகத் தரையில் உட்கார்ந்து மரத்துப்போன மனிதர், மன்னிக்கவும், வௌவால், ஆசை தீரத் தொங்கினார். இயந்திரத்தை எதிரே பாறைத் திட்டில் நேராக நிறுத்தியிருந்தார். அதன் விசையை மேலே தள்ளினால் பதிவாகும், கீழே தள்ளினால் நின்றுவிடும். பேட்டி தொடங்கியதும் தொங்கராசு விசையைத் தன் தலைப் பக்கமாக, அதாவது அவரைப் பொறுத்தவரை மேலே, தள்ளினார். அவர் தலை அப்போது தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

ராஜா மூன்று மணி நேரம் பேசினார். வீரம், கருணை, பிடரி எல்லாம் பேசினார். வேலியப்பனின் தொண்டை வரை குளம் வந்தது. நரி சிவப்பு மைப் பேனாவோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். வந்த குளம் அப்படியே திரும்பிப் போய்விட்டது. தன்னைப் போல ஒரு கோழை எந்த வேலியிலும் இருக்க மாட்டான் என்று வேலியப்பனுக்கு அழுகை முட்டியது.

பேட்டி முடிந்தது. நரி திருப்தியோடு சாப்பிடப் போனார். தொங்கராசு விசையைத் தன் கால் பக்கமாகத் தள்ளினார். சுக்குக் காப்பி வந்தது.

"நல்லா பேசுனேனா?" என்று கேட்டார் ராஜா.

வேலியப்பன் தலையாட்டினார்.

"அந்தப் பிடரி விஷயம் பொய்யின்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல?"

தலை ஆடியது. ராஜா காப்பியைக் கீழே வைத்தார்.

"கொட்டுதுப்பா. சீப்பு வச்சா கொத்துக் கொத்தா வருது. மூணு மாசத்துக்கு முன்னாடி குளத்துல எட்டிப் பாத்தேன். எங்க வழுக்கைப் பெரியப்பா தெரிஞ்சாரு. அவர் செத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. அன்னைக்கே வேலி போடச் சொல்லிட்டேன். பலகைல பராமரிப்புன்னு எழுதிட்டோம். பராமரிக்க வேண்டியது குளத்த இல்ல." அவர் பிடரியைத் தடவிக்கொண்டார். "நீ ஒருத்தன்தான்யா என்னைப் புரிஞ்சுக்கிட்டே."

தலை ஆடியது.

திரும்பி வந்ததும் வேலியப்பன் பவுனம்மாவிடம் உண்மையைச் சொன்னார். "கேக்கலம்மா. பயந்துட்டேன்."

பவுனம்மா கொட்டாங்குச்சியை நிழலுக்கு நகர்த்தினாள். அவள் திட்டியிருந்தால்கூட வேலியப்பனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தொங்கராசு பதிவைக் கேட்டுப் பார்க்காமலே வெளியிட்டார். ஒலி அளவு சரியாக இருந்ததாம். மறுநாள் காலையில் பெரிய பெரிய காதுகளெல்லாம் அசையாமல் நின்றன. மூன்று மணி நேர வீரம் எங்கேயும் இல்லை. சுக்குக் காப்பி உறிஞ்சும் சத்தமும், முடி கொட்டும் துக்கமும்தான் இருந்தன. பத்து மணிக்குள் காடு முழுக்கக் கேட்டுவிட்டது.

"வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டேனே" என்று ராஜா தலையில் கை வைத்தார். கையோடு இன்னும் கொஞ்சம் வந்தது.

வேலியப்பன் மூட்டை கட்டினார். பவுனம்மா மட்டும் துள்ளினாள். இனி காடே பொங்கி எழும், வேலி பறக்கும் என்று காத்திருந்தாள். காடும் பொங்கியது. கருத்துகள் வந்து குவிந்தன.

'செம்பருத்தி இலையை அரைத்துத் தேய்த்துப் பார்க்கவும்' என்றது யானை. கரடி, கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஒரு குடுவையில் கொடுத்தனுப்பியது. 'எங்க வீட்டுக்காரருக்குக் கொம்பே விழுந்துச்சுங்க, மறுபடி வந்துருச்சு, மனச விட்றாதீங்க' என்று ஒரு மான் எழுதியிருந்தாள். ராஜாவைக் கண்டால் ஓடுகிற மான். குளத்தைப் பற்றி ஒருவர், ஒரே ஒருவர்கூட, மூச்சு விடவில்லை.

"அட தண்ணி கெட்ட ஜென்மங்களா" என்றாள் பவுனம்மா.

ராஜா நெகிழ்ந்துபோனார். மூட்டையோடு கிளம்பிய வேலியப்பனையும் ஆளனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார். வந்த எண்ணெயையெல்லாம் தேய்த்துக்கொண்டார். ஒரு வாரம் போனது. முடி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. காட்டில் கண்ணாடி ஏது? எட்டாம் நாள் காலை நரியைக் கூப்பிட்டு வேலியைப் பிடுங்கச் சொன்னார். கரையில் குனிந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "புதுசா முளைச்சிருக்கோ?" என்றார்.

தலையாட்டத்தான் வேலியப்பன் இருந்தாரே.

எதிர்க்கரையில் பவுனம்மா கொட்டாங்குச்சியை மெல்லச் சாய்த்தாள். இருநூற்று நாற்பது வால்களும் நாலா பக்கமும் சிதறி ஓடின. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நரி அப்போதே புதுப் படிவம் அச்சடித்துவிட்டார்: எண்ணெய் சிபாரிசு செய்ய, மூன்று பிரதிகள்.

அந்த ஆண்டின் அஞ்சாத பேட்டியாளர் விருதை வேலியப்பனுக்குக் கொடுத்தார்கள். உயிருக்குப் பயப்படாமல்தான் கேட்டீர்களா என்று மேடையில் கேட்டார்கள். அவர் தலையாட்டினார்.

"ஏண்ணே, ராஜாவுக்கு முடி கொட்டுனதாலதான் உங்களுக்குத் தண்ணி கிடைச்சுதுன்னு புள்ளைங்ககிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றாள் பவுனம்மா.

நீதி: குளம் வேண்டுவோர் குளத்தைப் பற்றிப் பேசற்க, ராஜாவின் தலைக்கு எண்ணெய் சொல்லுக. ஒலிப்பதிவாளரைத் தலைகீழாகத் தொங்க விடுக.