பைக்குள் மாமா

கண்ணீர் அஞ்சலி பேனரைக் கருமாதி முடிந்த பிறகு என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. எரித்தால் பிளாஸ்டிக் புகை. அதோடு, ஒருமுறை வழியனுப்பிய முகத்தைக் கொளுத்த யாருக்கும் கை வராது. குப்பையில் போட்டால் முகம் நம்மையே பார்த்துக்கொண்டு கிடக்கும். அரசியல்வாதிகளின் பேனர் என்றால் கவலையில்லை. தேர்தல் முடிந்த மறுநாளே எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளின் கூரைக்கு ஏறிவிடும். (வீடு ஒழுகாமலிருக்க அவர்கள் எங்களுக்குச் செய்த ஒரே உதவி.) செத்தவர்களைத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் சந்தியிலேயே விட்டுவிடுகிறோம்.

பதுளைக்குப் பக்கத்தில் ஒரு பிரதேச சபையில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கும் நான், இந்தக் கேள்விக்கு ஒருமுறை பதில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

சுழற்சிப் பொருளாதாரம் பற்றி ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். சபை குப்பையை அள்ளினால் மட்டும் போதாது, குப்பையிலிருந்து செய்த பொருளைச் சபையே காசு கொடுத்து வாங்க வேண்டும், அப்போதுதான் அதைச் செய்கிறவர்கள் நிலைப்பார்கள் என்றார்கள். நியாயமான பேச்சு. கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா நான்? (இருந்திருக்கலாம்.)

குறைந்த விலைக்குப் புதுப் பை கிடைக்கும்போது பழைய பேனரில் தைத்தது எதற்கு என்று கொள்வனவுக் குழு கேட்டது. கெஞ்சினேன். கடைசியில் சபைத் தலைவரான தவிசாளர் இறங்கிவந்தார். கர்ப்பிணித் தாய்மாருக்குச் சத்துமாவோடு கொடுக்கும் பைகளை முதலில் வாங்கிப் பார்ப்போம். அது நன்றாகப் போனால், தோட்டப் பாடசாலைகளுக்கான புத்தகப் பைகளும் அதே தையல் குழுவுக்கு.

தையல் குழு என்பது ஸ்பிரிங்வெளி லயத்துச் சரோஜா அக்காவும் அவருடைய தோழிகளும். புத்தகப் பை கிடைத்துவிட்டால் இனி மழையில் நின்று கொழுந்து பறிக்க வேண்டாம் என்று இருந்தார்கள்.

என் கடிதத்தின்படி சபை டிராக்டர் சந்தி சந்தியாகப் பழைய பேனர்களை அவிழ்த்து வந்தது.

“மிஸ், எல்லாம் செத்த ஆளுக படமால்ல இருக்கு?” என்றார் சரோஜா அக்கா.

“படம் உள்பக்கம் போற மாதிரி தைங்க அக்கா. வெளிய வெள்ளையா இருக்கும்.”

“பையத் தொறக்க மாட்டாங்களா?”

“மாவப் போட்டா மறைஞ்சிரும்.” (நான் பட்டதாரி.)

சரோஜா அக்கா ஒரு முகத்தை மடித்து மெஷினுக்குள் தள்ளினார். “இந்தக் கங்காணி உசுரோட இருக்கையில எங்கள நிமிர விடல. இப்ப மாவு சுமக்கட்டும்.”

பைகள் அழகாகவே வந்தன. அவற்றைக் கொடுக்கும் விழாவில் கூட்டம் குறைந்தால் தவிசாளர் என்ன நினைப்பாரோ என்று பயந்து, என் மாமியாரையும் இரண்டு வயது மகளையும் கூட்டிவந்து பின்வரிசையில் உட்கார வைத்தேன். பைகளைக் கொடுத்தாயிற்று. சத்துமா ஏற்றிய வான் வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. கையில் வெறும் பையோடு காத்திருக்கும் பெண்கள் வேறென்ன செய்வார்கள்? திறந்து பார்த்தார்கள்.

முதலில் பார்த்த பெண் பையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு வயிற்றில் கைவைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

“ஒனக்கு யாரு?”

“மேப்பிரிவு கோயில் பூசாரி. ஒனக்கு?”

“பாதி மூஞ்சிதான் இருக்கு. கண்ணக் காணோம்.”

வரிசை முழுக்கப் பைகள் தரைக்கு இறங்கின. என் மகள் ஒவ்வொரு பையிலும் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டே முன்னால் போனாள். மேடைக்குக் கிட்ட ஒரு பைக்குள்ளிருந்து, “தாத்தா” என்றாள். தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று தவிசாளர் சிரித்துக் கையசைத்தார்.

என் மாமனார் அந்த வருடம்தான் இறந்திருந்தார். சந்தியில் கட்டிய அவருடைய பேனர் காணாமல் போனபோது, காற்று கொண்டுபோயிருக்கும் என்று அத்தைக்கு ஆறுதல் சொன்னவளும் நான்தான்.

அத்தை எழுந்து வந்து பைக்குள் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நனையாமத்தான் இருக்காரு,” என்று சொல்லிப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே போனார்.

“மிஸ், நாளைக்கே கடையில புதுசு வாங்குங்க,” என்றார் தவிசாளர்.

வாங்கினோம். ஆகக் குறைந்த விலை. மாவின் பாரம் தாங்காமல் பிடி அறுந்த அந்தப் பைகள் இப்போது லயத்துக்குக் கீழே ஓடையில் கிடக்கின்றன. சபை டிராக்டர் போய் அள்ளிவருகிறது. (இதுவும் ஒரு சுழற்சிதான்.) கொள்வனவு நிபந்தனைகளில் ‘பொருள் புதியதாக இருத்தல் வேண்டும்’ என்று ஒரு வரி சேர்ந்தது. தட்டச்சு செய்தவள் நான். புத்தகப் பை வாய்ப்பும் அந்த வரியோடு போனது. சரோஜா அக்கா கொழுந்து மலைக்குத் திரும்பினார். வழியில் கண்டால், “அடுத்த ஓர்டர் எப்ப மிஸ்?” என்று சிரிக்கிறார். நான் பஸ்ஸைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்கிறேன்.

வீட்டில் நான் கடைக்குக் கிளம்பினால் போதும், நாத்தனார் தொடங்கிவிடுவாள். “அண்ணி, அப்பாவக் கூட்டிட்டுப் போகலயா?” அத்தைகூடச் சிரிக்கிறார். ஆனால் அடுப்படி ஆணியில் தொங்கும் அந்தப் பையில் அவர் எதையும் போடுவதில்லை, போட விடுவதுமில்லை. திரும்பி வந்த மற்றப் பைகள் என் அலுவலக மேசைக்குக் கீழே இருக்கின்றன. காலை நீட்டினால் யாரோ ஒருவர்மேல் படுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வேலை பார்க்கிறேன்.

உங்கள் ஊரில் இந்தப் பேனர்களை என்ன செய்கிறீர்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். தையல் மெஷினில் செய்யக்கூடியதாக, சபை வாங்கக்கூடியதாக, யாரும் உள்ளே எட்டிப் பார்க்காததாக ஒன்றைச் சொன்னால் இன்னும் நல்லது. சரோஜா அக்கா மெஷினை இன்னும் விற்கவில்லை.