யஹ்யா பாயின் பல்வலி

சுஷித் தட்டு மேசைக்கு வந்து, முதல் துண்டை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்று யஹ்யா பாய் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், கதவைத் தள்ளிக்கொண்டு அவருடைய சொந்தச் சமையல்காரன் ஹசன் உள்ளே வந்தான்.

மாமியாருக்கு மூச்சுத் திணறல், பாலிங் ஊருக்குப் போகணும் என்று காலையில்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு லீவு வாங்கியவன். கடை இருக்கிற குருணிலிருந்து பாலிங் போகிற வழியில் கொரியாவும் ஜப்பானும் வரும் என்பது பாய்க்கு அன்றுதான் தெரிந்தது.

எழுந்துபோய் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வாயில்லை. அவரே பல்வலி, கிளினிக் போகிறேன் என்று மனைவி அஜீசாவிடம் தாடையைப் பிடித்துக் காட்டிவிட்டு, முகக்கவசமும் தொப்பியும் மாட்டி, சாலையை ஒரு சுற்றுச் சுற்றி, எதிர்க் கடையின் ரகசியத்தை வேவு பார்க்க வந்து சேர்ந்தவர்.

பெரிய சாலையில், சோற்றின் மேல் பல குழம்பைக் கலந்து ஊற்றித் தரும் பாயின் நாசி கண்டார் கடைக்கு வயது முப்பத்தொன்று. நேர் எதிரே முளைத்த இந்தக் கொரிய ஜப்பானியச் சாப்பாட்டுக் கடைக்கு வயது பதினாறு நாள். பதினாறே நாளில் ஃபேக்டரிப் பையன்களில் பாதிப் பேர் சாலையைக் கடந்துவிட்டார்கள். இப்படியே போனால் ஹரி ராயா பெருநாளுக்குள் ஷட்டரை இறக்க வேண்டியதுதான் என்று பாய் தினமும் கல்லாவை எண்ணிக்கொண்டிருந்தார்.

கை எண்ணிக்கொண்டிருந்தால் வாயாவது சும்மா இருக்க வேண்டும். இருக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில், நாற்பது பேர் காதில் விழ, "மீனை வேகவைக்கக்கூடச் சோம்பேறித்தனப்படுறவன் கடையில நான் கால் வெச்சா, அன்னிக்கே என் கடை போர்டைக் கழட்டிடறேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அந்த நாற்பது பேரில் முன்வரிசையில் நின்று "சபாஷ் மொதலாளி" என்றவன் ஹசன்.

இப்போது அந்த ஹசன் கதவுக்குப் பக்கத்து மேசையில், வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தான். போகிற வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்க அதைவிட நல்ல இடம் கெடா மாநிலத்திலேயே கிடையாது.

பாய் முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து, சமையலறைத் திரைக்குப் பின்னால் நுழைந்தார். பின்கதவு வழியாகப் போய்விடலாம். பின்கதவு திறந்துதான் இருந்தது. அதோடு ஒட்டி ஓர் ஐஸ் லாரி நின்றது. அதன் டிரைவர் எங்கோ சாப்பிடப் போயிருந்தான்.

"ஏஜென்சி ஆள்தானே அங்கிள்?"

திரும்பினார். கையில் நாலு தட்டோடு ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். சட்டையில் ஈமான் என்று பெயர் குத்தியிருந்தது.

"அது வந்தும்மா..."

"பன்னெண்டுக்கு வரச் சொன்னா இப்பதான் வர்றீங்க! பத்தாததுக்கு இன்னிக்கு ரெண்டு பேரு ஒடம்பு சரியில்லன்னு எம்.சி. ஏப்ரன் அங்க தொங்குது. தலைக்கு அந்தப் பட்டையைக் கட்டுங்க. மூணாம் மேசை கத்திக்கிட்டு இருக்கு, சீக்கிரம்லா!"

பாய் திரை இடுக்கில் எட்டிப் பார்த்தார். ஹசன் மெனுவைக் குர்ஆன் ஓதுகிறவன் பக்தியோடு பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தான். அவன் தின்று முடிக்கும்வரை வெளியே போக வழியில்லை. உள்ளே நிற்க வேண்டுமானால் ஏப்ரன்தான் வழி.

ஏப்ரன் நாடா பாயின் முதுகுவரை போய்ச் சேரவில்லை. இடுப்போடு சமாதானமாகிவிட்டது.

மூன்றாம் மேசையில் சீருடையோடு நாலு ஃபேக்டரிப் பையன்கள். கற்சட்டியில் கிம்ச்சிக் குழம்பு தளதளவென்று கொதித்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஜப்பான் கறி. நாலு தட்டில் வெள்ளை வெளேரென்று சோறு, துளி குழம்பு படாமல், விதவை மாதிரி.

இங்கேதான் விஷயம் கைமீறியது. கைமீறியது என்றால் நிஜமாகவே கை. முப்பத்தொரு வருஷமாக வெறும் சோற்றைக் கண்டால் அந்தக் கைக்குப் பொறுக்காது. பாய் வேண்டாம் என்றுதான் நினைத்தார். கை கேட்கவில்லை. அகப்பையை எடுத்தது. கிம்ச்சிக் குழம்பை ஒரு சுழற்று, அதன்மேல் ஜப்பான் கறி ஒரு சுழற்று, மேசையில் இருந்த இனிப்புச் சாஸையும் கவிழ்த்து ஒரு சுழற்று. சோறு வெள்ளத்தில் முங்கிவிட்டது.

நாலு கரண்டியும் அந்தரத்தில் நின்றன.

"அங்கிள், இது தனித்தனியா சாப்பிடறதுலா" என்றான் ஒருவன் மெதுவாக.

இன்னொருவன் அதற்குள் ஒரு வாய் வைத்துவிட்டான். மென்றான். கண்ணை மூடினான். திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

"டேய், பேசாம தின்னு" என்றான்.

அடுத்த நிமிடம் நாலாம் மேசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "ஹலோ, அவங்களுக்குப் போட்ட மாதிரி எங்களுக்கும் பஞ்சிர்!"

பஞ்சிர் என்றால் வெள்ளம். நாசி கண்டார் கடையில் குழம்பில் முக்கிக் கேட்கிறவர்கள் சொல்லும் சொல். அந்தச் சொல்லை எதிரி கடைக்குள் கேட்டதும் பாய் அகப்பையைக் கீழே வைத்தார். முடியாது என்று சொல்லிவிடலாமென்று போனார். அங்கேயும் சோறு வெள்ளையாக இருந்தது.

ஐந்தாம் மேசை கேட்டது. ஏழாம் மேசை கேட்டது. ஒன்பதாம் மேசையில் ஒருத்தி போனில் படம் பிடித்து, அரை மணியில் டிக்காம் பத்து என்கிற ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்து இறங்கியது. சமையலறையில் கிம்ச்சிக் குழம்பு தீர்ந்து, ஜப்பான் கறி தீர்ந்து, சமையல்காரன் அண்டாவில் தண்ணீரைப் புதிதாக ஏற்றினான்.

எதிரியின் ரகசியத்தைத் திருட வந்த மனுஷன், தன் ரகசியத்தை அகப்பை அகப்பையாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

பதினோராம் மேசையில் இன்னொரு இடி காத்திருந்தது. பழனியாண்டி. எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறவர். இருபது வருஷமாகப் பாய் கடையில் மீன் தலைக் கறி தவிர வேறெதையும் தொடாதவர். டாக்டர் பத்தியம் சொல்லிவிட்டார் என்று ஒரு வாரமாக வரவில்லை. பக்கத்தில் பட்டுப் புடவையில் அவர் மனைவி மருதம்மாள், சுஷித் தட்டை முறைத்துக்கொண்டு.

"இதை வேகவைச்சுக் கொண்டாறச் சொல்லுங்க" என்றாள் மருதம்மாள்.

"இது இப்படித்தான்டி."

"நம்ம வீட்டுப் பூனைகூட வறுத்தாத்தான் திங்கும்."

பழனியாண்டி பாயைக் கைகாட்டி அழைத்து, குனியவைத்துக் காதருகே பேசினார். "ண்ணே, நீங்க ஒரு உதவி பண்ணணும். எதிர்க் கடை யஹ்யா பாயைத் தெரியுமா?"

பாய் தொண்டையைச் செருமி, குரலைக் கட்டையாக்கிக்கொண்டார். "கேள்விப்பட்டிருக்கேன்."

"நான் இங்க வந்தது அவருக்குத் தெரியக்கூடாது. இன்னிக்கு இவளுக்குப் பொறந்த நாள். பேரன் சொன்னான்னு கூட்டியாந்தேன். பாய் தங்கமான மனுஷன், ஆனா சட்டுனு மனசு உடைஞ்சுடும். அதை நெனச்சா இந்த மீன் உள்ள எறங்கவே மாட்டேங்குது."

பாய் மருதம்மாள் தட்டை உள்ளே கொண்டுபோய், மீனை எண்ணெயில் முறுகலாகப் பொரித்து, மேலே கறியைக் கவிழ்த்துக் கொண்டுவந்து வைத்தார்.

"இதுதான் ஜப்பான்" என்றாள் மருதம்மாள், திருப்தியாக.

திரைக்குப் பின்னால் வந்து, மிஞ்சிய ஒரு பச்சை மீன் துண்டைப் பாய் வாயில் போட்டுப் பார்த்தார். நன்றாக இருந்தது. அதுதான் வேதனை. மீன் தஞ்சோங் டாவாய் கடற்கரையில் அப்போது பிடித்த மீன் மாதிரி இனித்தது.

அப்போது போன் அடித்தது. அஜீசா.

பாய் சட்டென்று தாடையைப் பிடித்துக்கொண்டார். போனில் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. "இன்னும் நம்பர் கூப்பிடலை அஜீசா. கடையில கூட்டமா? உடனே வந்துடவா?"

"வேணாங்க. அவசரமே இல்ல. நிதானமா எத்தனை பல்லு வேணும்னாலும் புடுங்கிட்டு வாங்க."

"ஹசனும் இல்ல, நானும் இல்ல..."

"நீங்க இல்லாதது ஒண்ணும் தெரியலைங்க" என்றாள் அஜீசா, இத்தனை வருஷத்தில் இல்லாத உற்சாகத்தோடு. போனை வைத்துவிட்டாள்.

பாய் சுவரோடு சாய்ந்துவிட்டார். மத்தியானம் ஒன்றரை மணிக்கு, முதலாளியும் சமையல்காரனும் இல்லாமல், அஜீசா தனியாக நின்று, அவசரமில்லை என்கிறாள். அப்படியென்றால் கடையில் ஈ ஓட்டுகிறாள். மனைவி அதை மறைக்கச் சிரித்துப் பேசுகிறாள். இருக்கிற கூட்டத்தையும் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டது யார்? இந்தக் கை. அந்தக் கையையே ஒரு நிமிடம் வெறித்துப் பார்த்தார்.

"பன்னெண்டாம் மேசை!" என்று கத்தினாள் ஈமான்.

பன்னிரண்டாம் மேசை கதவுக்குப் பக்கத்து மேசை. பாய் தலையைக் குனிந்துகொண்டு, பட்டையைப் புருவம்வரை இறக்கி, பேசாமல் போய், பேசாமல் ஊற்றினார். மூன்றாவது சுழற்று முடியவில்லை, ஹசனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மொதலாளி?"

"ஆள் மாறாட்டம். நான் ஏஜென்சி."

"முகத்தை மூடலாம் மொதலாளி. மணிக்கட்டை மூட முடியாது. இந்த நாட்டுல இப்படிச் சுத்தி ஊத்துறது ஒரே மணிக்கட்டு."

பாய் எதிரே உட்கார்ந்தார். "மாமியார் எப்படியிருக்காங்க?"

"இப்ப தேவலை. உங்க பல்லு?"

"விட்டு விட்டு வலிக்குது."

"உங்களுக்காகத்தான் மொதலாளி வேவு பாக்க வந்தேன்" என்றான் ஹசன் ஈனசுரத்தில்.

பாய் மேசையில் அடுக்கியிருந்த காலித் தட்டுகளை எண்ணினார். "ஆறு தட்டு வேவு பாத்திருக்கே."

"பேசாம ரெண்டு பேரும் வாயை மூடிக்குவோம் மொதலாளி. போர்டை நான் கழட்டச் சொல்லமாட்டேன்."

"கழட்டுறதுக்கு நீ ஏன்டா சொல்லணும்? அதுவா விழப்போகுது" என்றார் பாய். "அங்க ஒரு ஆளும் இல்லடா. அஜீசாவே சொல்லிட்டா."

ஹசன் குழம்புச் சோற்றைத் தள்ளி வைத்தான். இரண்டு வாய் தின்றபிறகுதான் தள்ளினான், ஆனாலும் தள்ளினான்.

இரண்டே முக்காலுக்குக் கூட்டம் கலைந்தது. ஈமான் ஒரு நாற்காலியில் தொப்பென்று விழுந்து, இரண்டு காலையும் நீட்டினாள்.

"அங்கிள், இந்தப் பதினாறு நாள்ல இப்படி ஒரு மத்தியானம் கெடையாது. நாளைக்கும் நீங்களே வந்துடுங்க."

பாய் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தார். மனசு வெந்துபோயிருந்தது. ஆனாலும் தொழில்காரன் தொழில்காரன்தான். ஒன்று மட்டும் கேட்காமல் போக முடியவில்லை.

"ஏம்மா, இவ்வளவு கூட்டம் நெருக்குது. உங்க தவுக்கே, அதான் மொதலாளி, எங்கம்மா? மத்தியான நேரத்துல கடையை விட்டுட்டுப் போறவனெல்லாம் ஒரு கடைக்காரனா?"

ஈமான் போனைத் திருப்பிப் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள்.

"பாவம் அங்கிள் அவரு, எதிர்த்த நாசி கண்டார் கடையில எப்படித்தான் இந்தக் கூட்டம் கொறையாம நிக்குதுன்னு ஒளிஞ்சு பாக்கப் போனாரு, அந்தக் கடையம்மா ஆள் இல்லன்னு அவர் கையில அகப்பையைக் குடுத்துட்டாங்களாம், இன்னும் முப்பது பேரு வரிசையில நிக்கறாங்க, வந்து காப்பாத்துங்கன்னு மெசேஜ் போட்டிருக்காரு!"