மூன்றாம் டிஸ்கின் ஞானத்தந்தைக்கு

எல் ஆல்ட்டோ,
அக்டோபர் 28

எங்கள் மூன்றாம் ஹார்டு டிஸ்கின் ஞானத்தந்தை செவேரோ மாமா அவர்களுக்கு,

எலோயின் மகன் லிம்பெர் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் தேவலையா? இங்கே எல்லோரும் நலம். கணினி நலமில்லை.

நேற்று நயிரா அக்கா செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து தந்தது உங்கள் டிஸ்க்தான். கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காரணம் இருக்கிறது.

அப்பாவின் பழைய கணினி செத்துவிட்டது. புதிதாக ஒன்றை நானே பாகம் பாகமாகப் பொருத்தினேன். பழையதிலிருந்து நான்கு டிஸ்குகளை இதற்கு மாற்ற வேண்டும். அப்பா பதினோரு ஆண்டுகள் எடுத்த கல்யாண வீடியோக்கள் அவற்றில்தான். கல்யாணங்களில் கேக் செலவுக்கு ஒருவர், பேண்டு வாத்தியச் செலவுக்கு ஒருவர் என்று ஞானத்தந்தை பிடிப்பதுபோல டிஸ்குக்கும் ஆளுக்கொருவரைப் பிடித்து, பெயர் எழுதி ஒட்டியிருந்தார். ஒவ்வொரு படமும் துண்டு துண்டாக நான்கிலும் கிடக்கிறது. ஒரு டிஸ்க் போனால் மற்ற மூன்றும் சேர்ந்து அதன் பங்கை ஈடுகட்டிவிடும். இரண்டு போனால் எல்லாம் போச்சு.

இதை அம்மாவுக்கு விளக்கியது என் தவறு.

"அப்ப மூணே போதும்ல?"

"போதும்மா. ஆனா..."

"செவேரோ பேரு ஒட்டினதை எடு. அந்த ஆளு புதுப் பெட்டிக்குள்ள நுழையக் கூடாது."

நயிரா அக்கா கல்யாணத்தில், முந்நூறு பேர் முன்னால், அம்மா வைத்த வேர்க்கடலை சூப்பில் உப்பில்லை என்றீர்கள். அம்மா மறக்கவில்லை. அப்பாவின் அடக்கத்தன்றும் நீங்கள் வாசலோடு நின்றீர்கள்.

எடுத்தேன். மூன்றும் நொண்டி நொண்டி ஓடின. "பாத்தியா?" என்றார் அம்மா.

பிறகு ஃபோர்த்துனாத்தோ சித்தப்பா வந்தார், புது மிஷினுக்குப் பூமித்தாய் பேரில் பீர் தெளிக்காமல் எப்படி என்றார், தெளியுங்கள் ஆனால் மூடியைப் போட்டுவிடுகிறேன் என்றேன், "மூடி போட்டா பூமித்தாய்க்கு உள்ள இருக்கிறது எப்பிடிடா தெரியும்? பல்கலைக்கழகத்துல என்னத்தப் படிச்ச?" என்றார், நான் மூடியைத் தேடுவதற்குள் நான்கு மூலையிலும் தெளித்து, ஐந்தாவதாக நடுவிலும் தெளித்து, வண்ணக் காகிதப் பொடி தூவி, அது விசிறியில் சுழன்று எங்கள் முகத்திலேயே அடிக்க, எல்லோரும் கைதட்டினோம். புகை வந்தது. முதல் டிஸ்க். அதற்கு ஞானத்தந்தை அவரேதான்.

எல்லாம் போச்சு.

இறந்தவர்கள் வீடு திரும்பும் நாளான ஒன்றாம் தேதி நண்பகலில் அப்பா வருவார். இது மூன்றாம் ஆண்டு. பெரிய மேஜை போட்டு வரவேற்பது மூன்று ஆண்டுதான் வழக்கம்; இத்தோடு கடைசி. அப்பா எந்தப் படத்திலும் இல்லை. கேமராவுக்குப் பின்னால் குரல் மட்டும். "தலையை உள்ள இழுங்கம்மா, தொப்பி வெட்டுது." அதைப் போட்டு வைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. "தன் குரலைக் கேட்டா வீடு தெரிஞ்சு வருவாரு."

இப்போது அம்மா கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அப்பாவுக்குப் படைக்கும் குழந்தை உருவ ரொட்டிக்கு மாவுகூடப் பிசையவில்லை.

உங்கள் டிஸ்கை எடுத்த பிறகு நான் மற்ற மூன்றில் எதையும் புதிதாக எழுதவில்லை. எனவே அது இன்னும் பொருந்தும்.

இன்னொன்று. அம்மாவுக்குத் தெரியாது. மூன்றும் ஓடிய அந்த ஒரு மணி நேரத்தில், காதில் ஹெட்ஃபோன் மாட்டி அக்கா கல்யாணத்தைப் பார்த்தேன். சூப் வரும் இடம். அப்பாவின் குரல், மிகத் தாழ்வாக:

"டேய் செவேரோ, உப்பே இல்லடா. நீ சொல்லிடு. எனக்கு ராத்திரி வீட்டுக்குப் போகணும்."

நான்கு வருடம், மாமா. ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீங்கள்.

அம்மாவின் கோபம் தணிந்துவிட்டது. டிஸ்கை நயிரா அக்காவிடம் கொடுத்தனுப்புங்கள். பீர் படாமல் பார்த்துக்கொள்கிறேன். பூமித்தாய் உங்கள் முழங்காலைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
லிம்பெர்

பி.கு: செவேரோ அண்ணே, லிம்பெர் உறையை ஒட்டுறதுக்கு முன்னாடி நான் படிச்சிட்டேன். என் கோபம் தணியல, ஆள்தான் மாறிடுச்சு. டிஸ்கைக் கொடுத்தனுப்ப வேணாம், நீங்களே கொண்டாங்க. ஒண்ணாம் தேதி அவருக்கு எதிர் நாற்காலி உங்களுக்கு. முதல்ல அந்தக் குரலைப் போடுவோம். அப்புறம் சூப். ரெண்டு பேருக்கும் உப்பே போடப்போறதில்ல. யாரு முதல்ல வாயத் திறக்கிறாங்கன்னு பாக்கிறேன்.