இஞ்சினுக்குப் பிடித்த பேய்

மனிதருக்குப் பேய் பிடித்த காலம் மலையேறி, எழுபத்தெட்டாம் வருஷம் திருவண்ணாமலையில் மோட்டார் சைக்கிளுக்குப் பேய் பிடித்தது. பேய்தான் எத்தனை நாளைக்குப் புளியமரத்திலேயே காலம் தள்ளும்? அதற்கும் நாலு ஊர் சுற்ற ஆசை இருக்காதா?

அந்தப் பேயை இறக்க அடி அண்ணாமலையில் ஒரு கீற்றுக் கொட்டகை முளைத்தது. உள்ளே இஞ்சின் சாமி. செவ்வாய்க்கிழமை ஆனால் கிரிவலப் பாதையில் வண்டிகள் வால் பிடித்து நிற்கும். மோட்டார் சைக்கிள், வாடகை வேன், சடையன் என்கிற விவசாயி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த கிணற்று ஆயில் இஞ்சின் கூட. பெரியாஸ்பத்திரியில் அவ்வளவு கூட்டம் கிடையாது. அங்கே டாக்டர் கேள்வி கேட்பார். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

எல்லா வண்டிக்கும் ஒரே நோய். இஞ்சினிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய் வழியே எண்ணெய் கக்கும். சாமி வண்டியைக் கறுப்புக் கம்பளியால் மூடுவார். சிவப்புப் பட்டு சுற்றிய மந்திரக்கோலோடு உள்ளே நுழைவார். முணுமுணுப்பார். சற்று நேரத்தில் கீழே வைத்த தாம்பாளத்தில் கறுப்பாக ஒழுகும்.

"ரத்தம்! பேயோட ரத்தம்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இஞ்சின் எண்ணெய் கறுப்பாக வராமல் பன்னீர் நிறத்திலா வரும் என்று கேட்க ஒரு வாய் கிடையாது. வாயெல்லாம் "சாமி, சாமி" என்பதில் மும்முரமாக இருந்தது.

பிறகு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு மந்திரித்த எண்ணெய், பாட்டிலில் கிடைக்கும். "தீபத்துக்கு ஊத்தற மாதிரி வாய் முட்ட ஊத்து. குறை வெச்சா குத்தம்" என்பது சாமி வாக்கு. கொப்பரைத் தீபம் எரிகிற ஊரில் எண்ணெயைக் குறைத்து ஊற்ற எவனுக்குத் துணிச்சல் வரும்? எல்லாரும் தளும்பத் தளும்ப ஊற்றினார்கள். செவ்வாய்க்கிழமை இறங்கிய பேய், வெள்ளிக்கிழமை பாட்டிலில் ஏறி வீடு திரும்பியது.

சக்கரபாணி மல்லாட்டைத் தரகன். வேர்க்கடலைக்கு அந்தப் பக்கம் அதுதான் பெயர். தினமும் கீழ்பென்னாத்தூர் மண்டிக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருகிறவன். மூட்டையில் கையை விட்டு நாலு கொட்டையை உடைத்துப் பார்க்காமல் விலை பேசமாட்டான். ஊரில் கெட்டிக்காரன் என்று பெயர். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை மண்டியிலேயே பூட்டிவைத்துவிட்டுத்தான் சாமியிடம் வருவான். மூன்றாம் முறையும் வண்டி கக்கியபோது, கூட்டத்தின் நடுவே சாமி கண்ணை மூடினார்.

"காலையில நீ வண்டிய எடுக்கறப்போ எதிர்ல நிக்கறது யாரு?"

"எங்க அக்கா, சாமி. சோத்துத் தூக்கு குடுக்கும்."

"நெத்தியில பொட்டு இருக்குதா?"

"மாமா செத்து ஆறு வருசமாவுது சாமி."

"அதான்! வெறும் நெத்தி பட்டுப் பட்டு வண்டி வாந்தி எடுக்குது. வர்ற வெள்ளிக்கிழமை அவ உன் வாசப்படி தாண்டிப் போயிடணும். இல்லாங்காட்டி வண்டியோட நீயும் போவே."

அக்கா வெள்ளையம்மாள். அவன் வண்டி பழகியபோது விழுந்துவிடுவானோ என்று சீட்டைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை மூச்சிரைக்க ஓடியவள். அவளுக்கு வேறு போக்கிடம் என்றால் வெளியூரில் கொழுந்தன் வீட்டு மாட்டுக்கொட்டகை. அதுவும் மாடு சம்மதித்தால்.

சக்கரபாணி இரண்டு ராத்திரி தூங்கவில்லை. யோசிக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை ஒரு பாட்டிலைத் தளும்ப ஊற்றிவிட்டு, அக்காவைப் பின்னால் உட்காரவைத்து, மடியில் தகரப் பெட்டியையும் வைத்து பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினான். வழியெல்லாம் அவள் பேசவில்லை. அவனால் பேச முடியவில்லை. பேசியது வண்டிதான், குழாய் வழியாக.

"டேய் பாணி, நிறுத்துடா. உன் பேய் என் பொடவையில வாந்தி எடுத்துட்சி."

நின்ற இடம் மதார் சாகிப்பின் ஒர்க்‌ஷாப் வாசல். சாகிப் வண்டியைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். கிக்கர் மேல் ஏறி முழு எடையோடு நின்றார். அது இறங்கவில்லை.

"பிஸ்டன் ரிங்கு தேயாம கெட்டியா இருக்குது. பொகையும் இல்ல. அப்போ இன்னாத்துக்குக் கக்குது?" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, எண்ணெய் பார்க்கும் குச்சியை உருவினார். "தம்பி, இதுல ரெண்டு கோடு போட்டிருக்குது பாரு. எண்ணெ அதுக்கு நடுவுல நிக்கணும். உன்னுது பிடி வரைக்கும் நனைஞ்சிருக்குது. யாரு ஊத்தினது?"

"சாமி குடுத்தது பாய். மந்திரிச்சது."

சாகிப் எதிர்க்கடையில் பௌர்ணமிக் கூட்டத்துக்கு விற்று மிஞ்சிய பலூன் இரண்டு வாங்கிவந்தார். ஒன்றைக் குழாயில் மாட்டி வண்டியைக் கிளப்பினார். பலூன் புஸ்புஸ்ஸென்று உப்பி, வெடித்து, சக்கரபாணியின் முகத்துக்குக் கறுப்பு அபிஷேகம் செய்தது.

"இது இஞ்சின் மூச்சு வுடற ஓட்டை. பிஸ்டன் கீழ வர்றப்போ உள்ளாற இருக்கற காத்துக்கு இடம் வேணும். நீ கழுத்து வரைக்கும் எண்ணெய ரொப்பிட்டா காத்து எங்க போவும்? எண்ணெயத் தள்ளிக்கினு வெளிய வருது. வயிறு முட்டத் துன்னவன் ஏப்பம் வுட்டா அது பேயா?"

எண்ணெய் வடிக்கும் அடிபோல்ட்டைத் தளர்த்தி, கோட்டளவுக்கு இறக்கினார். இரண்டாம் பலூனை மாட்டினார். அது தூங்குகிற குழந்தையின் வயிறுபோல லேசாக ஏறி இறங்கியது. ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

நம்பினானா சக்கரபாணி? முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஆனா சாமியோட வண்டி மட்டும் ஒரு நாளும் கக்கினதில்லியே பாய்?" என்றான். பக்தி எளிதில் வடியாது. அதற்கு அடிபோல்ட் கிடையாது.

வெள்ளையம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "இன்னொரு பாட்டில் வெச்சிருக்கிறே இல்ல? வண்டிய அடி அண்ணாமலைக்கு வுடு. பஸ்ஸு எங்கியும் ஓடிடாது."

கொட்டகையில் பாட்டில் கூட்டம் அலைமோதியது. ஓரமாகச் சாமியின் மோட்டார் சைக்கிள், ரைஸ்மில்காரர் காணிக்கை, பளபளவென்று நின்றது. வெள்ளையம்மாள் நேராக அதனிடம் போனாள். எண்ணெய் மூடியைத் திருகினாள்.

"சாமி, வெள்ளிக்கிழமையாச்சே, உங்க வண்டிக்கு ஊத்தியாச்சா?"

"அ... அதுக்கு வேணாம்மா."

"குறை வெச்சா குத்தம்னு நீங்கதானே சொன்னீங்க?" பாட்டிலைக் கவிழ்த்தாள். களக் களக்கென்று அரைப் பாட்டில் உள்ளே போனது.

சாமி மணையிலிருந்து துள்ளி எழுந்தார். மந்திரம் மறந்தது. தமிழ் வந்தது.

"ஏய், ஊத்தாதடி! ஏற்கெனவே மேல்கோட்டுல நிக்குது! இன்னும் ஊத்தினா பைப்பு வழியா கக்கும்டி!"

பாட்டிலுக்கு நீண்ட கைகளெல்லாம் மடங்கின.

சடையன்தான் மெதுவாகக் கேட்டான்: "இன்னா சாமி, உங்களுக்குக் கோடு, எங்களுக்குப் பேயா?"

பாய்ந்த வேகத்தில் மந்திரக்கோலின் பட்டு அவிழ்ந்திருந்தது. உள்ளே ஸ்பேனர். நாலு பேர் பின்பக்கம் ஓடினார்கள். அங்கே தாம்பாளம் தாம்பாளமாகப் பேய் ரத்தம், பழைய வேட்டியில் வடிகட்டி, மஞ்சள் தூவி, வரிசையாகப் பாட்டில்களில் இறங்கிக்கொண்டிருந்தது. ஊரான் வண்டி கக்கியதைத்தான் ஊரார் பயபக்தியோடு வாங்கித் தங்கள் வண்டிக்கு ஊட்டியிருக்கிறார்கள்.

சாமி வண்டியில் ஏறி ஓர் உதை உதைத்துப் பறந்தார். ஐம்பது அடி போவதற்குள் குழாய் கக்கியது. காவி வேட்டி கறுப்பு வேட்டி ஆனது.

"சாமியோவ்!" என்று கத்தினான் சடையன். "உங்க வண்டிக்கு எவ நெத்தி பட்டுது?"

கூட்டம் சிரித்தது. சற்று முன்பு வரை தானும் வரிசையில் நின்றதை அதற்குள் மறந்துவிட்ட சிரிப்பு.

சக்கரபாணி சிரிக்கவில்லை. தகரப் பெட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டான். "ஏறுக்கா. வூட்டுக்குப் போலாம்."

வெள்ளையம்மாள் ஏறவில்லை. எண்ணெய் படிந்த புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "மல்லாட்டைய உடைச்சிப் பாத்துத்தானேடா வாங்கறே? வண்டிக்குள்ளயே கோடு போட்ட குச்சி இருந்துச்சி. அத்த உருவிப் பாக்காம என் நெத்தியப் பாத்தியேடா."

அவன் பெட்டியோடு தலைகுனிந்து நின்றான். அவள் ஏறிக்கொள்ளும் வரை நின்றான்.

பெரியோர்களே, தாய்மார்களே, அடுத்த சாமி வந்து யார் நெற்றியையாவது காட்டும்போது முதலில் குச்சியை உருவிப் பாருங்கள். அதற்கும் சோம்பல் என்றால், கழுத்துக்கு மேல் இருப்பதைத் தேங்காயாகவே வைத்துக்கொள்ளுங்கள். உடைக்க எவனாவது வருவான்.